ஒன்பது கிளிக், எட்டுப் பல்

அந்த சைக்கிள் கடைக்காரனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘செட்டாயிடும்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, “இதுக்கு மோட்டார் வைக்க முடியுமா?” என்று யாராவது கேட்டால், வண்டியை முழுசாகப் பார்ப்பதற்கு முன்பே “செட்டாயிடும்” என்பான். பெரும்பாலும் ஆகியும்விடும். கைராசிக்காரன் என்று பேர் வாங்கியிருந்தான். அதில் அவனுக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

அவனுடைய அக்கா நர்ஸ். படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீடு தேடிப் போய்க் கட்டு மாற்றுவாள், ஊசி போடுவாள். பாதி வீடுகள் மேட்டுத் தெருவில் இருந்தன. முட்டி வலி படுத்த ஆரம்பித்ததும், தன் சைக்கிளைத் தம்பி கடையில் கொண்டுவந்து விட்டாள்.

பெடல் இருக்கும் இடத்திலேயே மோட்டாரைப் பொருத்தினான். அப்படி வைத்தால் மோட்டாரின் இழுப்பு முழுக்கச் சங்கிலி வழியாகத்தான் பின்சக்கரத்துக்குப் போகும். பின்சக்கர அச்சில் இருந்த கேசட்டில் எட்டுப் பல்சக்கரங்கள், கடைப் பேச்சில் எட்டுப் பல். அதற்கான கியர் லிவர் உடைந்து கிடந்தது. கைவசம் இருந்ததோ ஒன்பது பல்லுக்கான லிவர். கியர் மாற்றும் ஒவ்வொரு கிளிக்குக்கும் அது ஒரு மயிரிழை குறைவாகக் கேபிளை இழுக்கும். அவனுக்கு அது நன்றாகத் தெரியும். சரியான லிவரைச் சொல்லி வரவழைக்கச் சோம்பல். சங்கிலியைப் பல்லுக்குப் பல் தள்ளிவிடும் டீரெய்லரைத் திருகித் திருகி, நடுக் கியர்களில் ஒழுங்காக நிற்கும்படி செய்தான். ஸ்டாண்டில் தூக்கி நிறுத்திச் சுற்றியபோது சங்கிலி சமர்த்தாகத்தான் ஓடியது.

வண்டியை எடுக்க வந்த அக்கா லிவரைக் குனிந்து பார்த்தாள். “ஏன்டா, இதுல ஒன்பது வரைக்கும் போட்டிருக்கு. பின்னாடி எட்டுதானே இருக்கு?”

கடையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். “அந்த ஒண்ணு உனக்கு ஸ்பேரு, அக்கா!” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கூடச் சேர்ந்து அக்காவும் சிரித்தாள்.

மேடு ஏறக் கடைசிப் பெரிய பல் வேண்டும். கிளிக்குக்குக் கிளிக் சேர்ந்த விலகல் அங்கே போய்த்தான் பெரிதானது. சங்கிலி ஏறியும் ஏறாமலும் கடகடவென்று அடித்துக்கொள்ளும். மோட்டார் இழுத்த வேகத்தில் சட்டென்று நழுவும். அக்கா கடைக்கு வந்து, பாத்திரத்தைப் போட்டு உடைத்தவள் மாதிரி நிற்பாள். “திரும்பவும் கெடுத்துட்டேன்டா.”

“மோட்டார் இழுக்கறப்ப கியரை மாத்தாதேன்னு எத்தனை தடவை சொல்றது? பெடலை லேசா விட்டுட்டு மாத்தணும். உனக்கு இன்னும் கை வரல.”

சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டுதான் மீதியை மூடி மறைத்தான்.

ஒருநாள் சாப்பிடும்போது அவன் மனைவி சொன்னாள்: “உங்க அக்கா மேட்டுத் தெரு வீடுங்களை வேற நர்ஸுக்கு விட்டுக் கொடுத்துட்டாங்களாம். ஞாயித்துக்கிழமையானா காலி மைதானத்துல தனியா சுத்திச் சுத்தி ஓட்டிப் பழகறாங்க. முழங்கையெல்லாம் சிராய்ப்பு. உங்களுக்குத் தெரியாதா?”

கை தட்டிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் ‘எண்ணெய் போடணும்’ என்று சொல்லி வண்டியை வாங்கி, மேட்டுத் தெருவில் தானே ஏற்றினான். பாதி மேட்டில் சங்கிலி நழுவியது. பெடல் வெறுமனே சுழன்று கணுக்காலில் அடித்தது. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள். “நர்ஸம்மா வண்டிதானே அது? அவங்களும் இதே இடத்துலதான் விழுந்தாங்க. பாவம், மருந்துப் பெட்டியெல்லாம் சிதறிப் போச்சு.”

விழுந்ததை அக்கா அவனிடம் சொல்லவே இல்லை. அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டே இறங்கினான்.

பார்வைக்குப் பழசு மாதிரியே இருந்த எட்டுக் கியர் லிவரை வரவழைத்து மாட்டினான். வாய் திறக்காமல் வண்டியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். எல்லாம் இதோடு முடிந்தது என்று நினைத்தான்.

அடுத்த வாரம் அக்கா கடைக்குள் ஓட்டமும் நடையுமாக வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. “கை வந்துடுச்சுடா! மேட்டுத் தெருவில உச்சி வரைக்கும் போயிட்டேன், ஒரு தடவைகூட நழுவல!” பிறகு அங்கே நின்றவர்கள் பக்கம் திரும்பினாள். “நான் ஒரு மக்கு. இவனா இருக்கப் போய்ப் பொறுமையா சொல்லிக் கொடுத்தான்.”

அவனுக்குக் காதெல்லாம் எரிந்தது. கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். எடுத்தான். மறுபடியும் வைத்தான்.

“உன் கையில ஒண்ணும் தப்பு இல்லக்கா,” என்றான். “லிவர்தான் தப்பு. தெரிஞ்சேதான் மாட்டினேன். இப்பதான் மாத்தினேன்.”

அக்கா தன் முழங்கையைத் தடவிக்கொண்டாள்.

“உங்க மாமா இந்த வண்டியே வேணாம், தூக்கிப் போடுன்னார்,” என்றாள், குரலை உயர்த்தாமல். “என் தம்பி பார்த்துப் பார்த்துச் செஞ்சது, எனக்குத்தான் ஓட்டத் தெரியலைன்னு அவர்கிட்ட சண்டை போட்டேன்டா.”

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மேட்டுத் தெரு வீடுகளில் சில அவளிடம் திரும்பி வந்தன. சிலருக்குப் புது நர்ஸின் கை பழகிவிட்டிருந்தது. அக்கா உறவை முறித்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போனால் எப்போதும் போலச் சாப்பாடு போட்டாள், முகம் பார்த்துப் பேசினாள். வண்டியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது.

ஒருநாள் பஸ் நிறுத்தத்துப் பக்கம் போனவன், அங்கிருந்த இன்னொரு சைக்கிள் கடை வாசலில் அவள் வண்டி நிற்பதைப் பார்த்தான். பிரேக் கட்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஏதோ கேட்டாள். அந்தக் கடைக்காரர் வேலையை நிறுத்தி, விரலால் தொட்டுக் காட்டி, பதில் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு அடுத்ததைக் கேட்டாள்.

கூப்பிடலாமா என்று வாயெடுத்தான். அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் பக்கத்துச் சந்தில் நுழைந்து, ஊரைச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனான்.