எல்வுட்டிடம் போன சாமான்கள்

எல்வுட் மச்சானைத் திருடன் என்று எவனாவது சொன்னால் நான் சண்டைக்கே போவேன். கேட்டுத்தான் எடுப்பான். திருப்பித் தருகிற பழக்கம்தான் கிடையாது. ஆற்றங்கரையில் எங்கள் கெச்சான் பழங்குடி ஜனத்தின் பாதிச் சாமான் அவன் வீட்டில்தான் கிடக்கும். அவன் தங்கை லொரீனுடைய ஏர்கூலர், பக்கத்து வீட்டு செஸ்டருடைய மரம் அறுக்கும் மெஷின், யாருடையது என்றே தெரியாத இரண்டு ஏணி.

என் சுரைக்குடுக்கையும் அங்கேதான். எங்கள் பாட்டன் காலத்துப் பறவைப் பாட்டுப் பாடும்போது தாளத்துக்குக் குலுக்குவது. நல்ல சத்தம் தரும் காய்க்காக நாலு வருஷம் அலைந்து, உள்ளே எங்கள் ஊர்ப் பனையின் பட்டாணி அளவு விதை போட்டு நானே செய்தேன். "ஒரே ஒரு நாளைக்குடா அர்வின்" என்று வாங்கிப் போனான். இரண்டு குளிர்காலம் போய்விட்டது. நான் காலி பீன்ஸ் டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கிப் பாடினேன். ஊரே சிரித்தது.

போன ஜூலையில் மச்சானுக்கு நெஞ்சுவலி வந்தது. எங்கள் எல்லோருக்கும் சாமான் நினைப்பும் கூடவே வந்தது. எங்களில் ஒருத்தர் போய்விட்டால் அவர் வீட்டுச் சாமானும் அவரோடு நெருப்புக்குப் போகும். எல்லோரும் அழுதுகொண்டு நிற்கிற இடத்தில் "அந்த ஏணி என்னோடது" என்று எந்த வாயால் சொல்வது? உயிரோடு இருக்கும்போதே கேட்டால் அதைவிடக் கேவலம். நீ சாகப்போகிறாய் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகிவிடும்.

ஆக, அவனைச் சாகவிடக் கூடாது. வேறு வழியில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் லொரீன் தினமும் உப்பில்லாத கோழி சூப் கொண்டுபோனாள். அவன் ஒளித்து வைத்த பன்றிக்கறியை எல்லாம் செஸ்டர் தேடித் தேடி எடுத்துத் தானே தின்றான். நான் விடிந்ததும் வாய்க்கால் கரையில் அவனை நடக்கக் கூட்டிப் போனேன்.

"என்னடா எல்லாருக்கும் திடீர்னு எம்மேல இவ்ளோ பாசம்?"

"உசுரு மச்சான் உம்மேல. பேசாம நட."

பாதி உண்மைதான். மீதிப் பாதி சுரைக்குடுக்கை.

ஒரு மாதம் கழித்து மச்சான் தன் லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு வீடு வீடாக இறக்கினான். லொரீனுடைய கூலரைத் துடைத்து ஜன்னலில் அவனே மாட்டிவிட்டான். என் குடுக்கையைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தான். ஆடிக்கொண்டிருந்த கைப்பிடியை இறுக்கி வைத்திருந்தான்.

"நல்லாப் பாடுடா. உன்னோடது உங்கிட்டதான் இருக்கணும்."

அவன் போனதும் ஆசையாகக் குலுக்கி இரண்டு பாட்டுப் பாடினேன். மூன்றாவதைத் தொடங்காமல் குடுக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. லொரீன்.

"உனக்கும் வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"எங்கண்ணன் பொறந்ததுலேருந்து எதையும் திருப்பிக் குடுத்தவன் இல்லடா." அழ ஆரம்பித்துவிட்டாள். "டாக்டர் என்னமோ சொல்லிருக்காரு. மறைக்கிறான்."

சாயங்காலமே எல்லோரும் போய் நின்றோம். வீடு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. நாற்காலியும் செஸ்டருடையது என்பதால் மச்சான் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"டாக்டர் என்னண்ணே சொன்னாரு?"

"நல்லாருக்கேன்னு சொன்னாரு. நீங்க என்னைப் பாத்துக்கிட்டதுல எனக்கே வெக்கமாப் போச்சு, அதான் குடுத்துட்டேன். இதுக்கு ஏன் எழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறீங்க?"

யார் நம்புவது? லொரீன் வெளியே போய், வண்டியிலிருந்து கூலரைத் தூக்கி வந்து அவன் ஜன்னலிலேயே மாட்டினாள். "இந்த வெயில்ல கூலர் இல்லாம எப்படி இருப்ப?" நாற்காலி திரும்பி வந்தது. ஏணிகூட வந்தது. நான் குடுக்கையை அவன் மடியில் வைத்தேன்.

"இனிமே திருப்பிக் குடுத்தா பேசவே மாட்டேன் மச்சான்."

"பைத்தியக்காரப் பயலுகளா" என்று சொல்லி வாங்கிக்கொண்டான்.

அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. நடக்கும்போது அவன் மூச்சையே கேட்டுக்கொண்டு வருவேன். கூலர், ஏணி, குடுக்கை எல்லாம் எரிந்து தொலையட்டும், இவன் இருந்தால் போதும் என்று இருந்தது.

சனிக்கிழமை பாட்டுக்கு பீன்ஸ் டப்பாவோடுதான் போனேன். மச்சான் முன்னால் உட்கார்ந்து கடைசிவரை கேட்டான். முடிந்ததும் மெல்லக் கிட்டே வந்தான். டப்பாவைக் கையில் வாங்கி ஒரு குலுக்குக் குலுக்கினான்.

"நல்லா சத்தம் குடுக்குதேடா அர்வின். ஒரே ஒரு நாளைக்குக் குடேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூழாங்கல்லோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.