வீட்டில் விட்டுப்போன போன்

எங்கள் கம்பெனி கேட்டில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பெரிய ஆபீசர் என்றால் கேமராவின் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி உள்ளே விடுவார்கள்; மெஷின் லைனில் நின்று வேலை செய்கிற எங்களுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. உள்ளே ஓடுகிற மெஷினை யாராவது படம் பிடித்துவிட்டால் கம்பெனி மானம் போய்விடுமாம். அதனால் ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகிற பொம்பளைகளில் பலர் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் போவோம். பிள்ளை தனியாக இருக்கிறதே, ஒரு ஆத்திர அவசரத்துக்கு அதன் கையில் இருக்கட்டும் என்று நினைப்போம்.

படப்பையில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவளும் அப்படித்தான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. லைனில் எனக்கு அடுத்து நிற்பவள். புருஷன் இல்லை, ஒரே மகள், பத்தாம் வகுப்பு. படிப்பில் கெட்டி. “இவ நம்ம கம்பெனிக்கே சூப்பர்வைசரா வந்து என்னைய வெரட்டணும்க்கா” என்பாள் அவள். “உன்ன வெரட்ட இப்பவே ஆளு கீது, போதும்” என்பேன் நான்.

அந்த வருஷம் அவள் மகளின் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். நைட் ஷிப்ட் முடித்த கண்ணோடு நாங்கள் இருவரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். “போன்ல யாராவது மிரட்டினா, நீங்க நம்புற ஒரு பெரியவங்ககிட்ட உடனே சொல்லுங்க. எதையும் அழிக்காதீங்க. தப்பு உங்களோடது இல்ல” என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். எங்கள் பக்கம் திரும்பி, “பிள்ளை வந்து சொன்னா, தண்டனையை அது தலையில கட்டாதீங்க” என்றார். என் பக்கத்தில் இருந்தவள் வேகமாகத் தலையாட்டினாள். எந்தப் பிள்ளை இதையெல்லாம் வந்து சொல்லப்போகிறது என்று நான் மனசுக்குள் அலுத்துக்கொண்டேன்.

சொன்னது. பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம், அந்தப் பெண் போனைக் கையில் பிடித்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். எனக்கு அன்றைக்கு லீவு; அவள் அம்மா ஷிப்டுக்குப் போயிருந்தாள்.

“பெரியம்மா, அன்னைக்கு அந்த மேடம் சொன்னாங்கல்லா, அது மாரி ஒண்ணு” என்றாள்.

ஏதோ விளையாட்டு ஆப்பில் பழகிய ஒருவன். தானும் ஒரு பள்ளிக்கூடப் பெண் என்று சொல்லிப் பழகியிருக்கிறான். இவள் முகத்தை எடுத்து அசிங்கமான எதிலோ ஒட்டி, சொன்னபடி கேட்காவிட்டால் ஊருக்கெல்லாம் அனுப்புவேன் என்று மிரட்டியிருந்தான்.

“அம்மாக்கு சொன்னியா?”

“எப்படிச் சொல்ல? போன் என்கிட்டல்லா இருக்கு.”

பள்ளியில் கொடுத்திருந்த உதவி எண்ணுக்கு நானே பேசினேன். அரசாங்கத்தைத் திட்டியே பழகின வாய் என்னுடையது. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். அன்று சாயங்காலமே வந்தார்கள். போலீஸ்காரம்மா சுடிதாரில் வந்து, எங்கள் கூடத்தில் தரையில் அவளோடு உட்கார்ந்து பேசினார். அவள் அம்மா ஷிப்ட் முடிந்து வந்து, கம்பெனிச் சட்டையோடு சுவரில் சாய்ந்து நின்றாள். சீக்கிரமே படத்தை நீக்கினார்கள். அவனையும் பிடித்தார்கள். அந்தப் பெண்ணின் பெயர் எங்கேயும் வெளியே வரவில்லை.

தெருவில்தான் ஒருத்தி விடவில்லை. “இன்னாக்கா, உன் வூட்டாண்ட காரு நின்னுகினு இருந்துச்சி?” என்றாள். “ரேஷன் கார்டு செக்கிங். உன் வூட்டுக்கும் வரச் சொல்லட்டா?” என்றேன். அதோடு அவளும் அடங்கினாள். எல்லாம் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

அடுத்த வாரம் மாடியில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள் அந்தத் தாய்.

“எங்க அண்ணன் வீட்டுல கொண்டு விட்டுட்டு வாரேன்க்கா. நான் ஷிப்டுக்குப் போனா இவள யாரு பாக்கது?”

“பரீட்சை வருதே.”

“அடுத்த வருசம் எழுதிக்கிடட்டும்.”

“இன்னா பேசற நீ? தப்பு பண்ணவன் உள்ள கீறான். இவள எதுக்கு ஊருக்குத் துரத்தற?”

“ஒங்களுக்குப் புரியாதுக்கா” என்றாள். கோபத்தில் நானும் கன்னாபின்னாவென்று திட்டினேன். அவள் கை மூட்டையை விடவில்லை. அந்த மேடம் நேரிலேயே வந்து கெஞ்சாத குறையாகப் பேசினார். “சரிங்க மேடம், சரிங்க மேடம்” என்றாள். லைனில் சூப்பர்வைசருக்கு நாங்கள் தலையாட்டுவோமே, அதே தலையாட்டல்தான்.

அந்தப் பெண் அந்த வருஷம் பரீட்சை எழுதவில்லை. அடுத்த வருஷமும் எழுதவில்லை. இப்போது ஊரில் ஏதோ ஒரு கடையில் நிற்கிறாளாம். நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அவர்கள் ஊருக்குப் போன அன்று ஷேர் ஆட்டோ வரை நானும் போனேன். அவள் அம்மா பின்னால் மூட்டையைத் திணித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் ஓரத்தில் உட்கார்ந்து, அம்மாவுக்குக் கேட்காத குரலில் என்னிடம் கேட்டாள்.

“பெரியம்மா, அந்த மேடம் சொன்ன மாரிதான செஞ்சேன்? எதையும் அழிக்கல. ஒடனே வந்து சொன்னேன். அப்புறம் எதுக்கு என்னைய அனுப்புதாங்க?”

“பத்திரமா போய்ட்டு வா” என்றேன்.