பெரிய மந்திரம் தெரியாதவள்

என் மகள் மருத்துவம், பொறியியல் இரண்டு நுழைவுத்தேர்விலும் தோற்ற மறுவாரம், தோழிகளோடு பகடை உருட்டி ஏதோ மாயக்கதை விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தாள். பேச்சுக்கொடுக்கலாமே என்று பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய பாத்திரம் யார் என்று கேட்டேன்.

“இவ பூசாரி, மந்திரவாதி ரெண்டுந்தாம்ப்பா. ரெண்டு லெவலையும் கூட்டி, மந்திரம் போட நிறைய வாய்ப்பு தருவாங்க. ஆனா மந்திரத்தை ரெண்டுலயும் தனித்தனியாத்தான் படிக்கணும். அதனால பெரிய மந்திரம் ஒண்ணும் இவளுக்குத் தெரியாது.”

“ஏளா கிறுக்கி, ஒண்ணுலயே நின்னிருக்கலாம்லா?”

“நின்னிருப்பேன்,” என்றாள் தலை நிமிராமல். “நீங்கதான விடல.”

பகடை உருட்டப்போன தோழி அதைக் கைக்குள்ளேயே மூடிக்கொண்டாள்.

துறைமுக வேலைக்குப் போகும்போது ஒரு பயிற்சி வகுப்பிலும், திரும்பும்போது இன்னொன்றிலும் இரண்டு வருடம் அவளைக் கொண்டுவிட்டவன் நான். எது வேண்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அன்றாவது கேட்டிருக்கலாம். எழுந்து வெளியே போய்விட்டேன்.