தையல் மேல் வைத்த திருநீறு

முருகனை நம்பி வாழும் சொந்தங்களே, பெரம்பலூரில் ஒரு ஜவுளிக் கடையில் புடவை எடுத்துக் காட்டுகிறவள் நான். வாய்தான் எனக்குச் சோறு போடுகிறது. போன ஆடியில் அந்த வாயைத் திறக்கவே கூசிப்போனேன்.

மேல் வரிசையில் முன்பல் இரண்டின் வேரிலும் சீழ் கட்டியது. வேர் சிகிச்சை செய்தும் அடங்கவில்லை. ஈறில் கொப்புளம் உடையும், மறுபடி வரும். நான் பேசினால் புடவை பார்க்க வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நாற்றம் எனக்கே தெரிந்தது. முதலாளி என்னைக் குடோனுக்கு மாற்றிவிட்டார். அங்கே உட்கார்ந்து அழுதேன்.

கடைசியில் அரியலூரில் ஒரு டாக்டரம்மா ஈறைக் கீறி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, வேர் நுனியை வெட்டி அடைத்துத் தைத்தார்.

என்னைப் பார்க்க நாத்தனார் மலைக்கோயில் பிரசாதத்தோடு வந்தாள். “அண்ணி, வாயத் தொறங்க. முருகன் துன்னூறு. எப்பேர்ப்பட்ட புண்ணும் ஆறிடும்” என்று தையல் மேலேயே அப்பிவிட்டாள். நம் வீடுகளில் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

இரண்டொரு நாளில் முகம் கண் வரைக்கும் வீங்கியது. தையல் பிரிந்து சீழ் வந்தது.

“பச்சப் புண்ணுல எதையாவது வைப்பாங்களாம்மா?” டாக்டரம்மா சுத்தம் செய்து மறுபடி தைத்தார். “சீழ் அரிச்ச எடத்துல எலும்பு வளந்தா பல்லு நிக்கும். இல்லேன்னா ரெண்டையும் எடுத்துட வேண்டியதுதான்.” அது தெரிய மாதக்கணக்காகும் என்றார்.

அந்த மாதங்களை எப்படிச் சொல்வேன்? கண்ணாடி பார்ப்பதை விட்டேன். விளக்கேற்றுவதையும் விட்டேன். வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், ஒரு கேள்விதான் என்னைத் தின்றது. உன் திருநீறே என்னைக் கெடுக்குமா முருகா?

ஒரு செவ்வாய்க்கிழமை தாங்க முடியாமல் அவன் படத்துக்கு முன்னால் நின்று கத்தினேன். “பல்லு போனாப் போவுது. உம்மேல வச்ச நம்பிக்கையும் போயிடும் போலருக்கே, அதையாவது காப்பாத்து!” வேறு எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் எழுந்தபோது வாய் தானாக ‘முருகா’ என்றது. அதற்கே அழுதேன்.

தை மாதம் எக்ஸ்ரே எடுத்தார்கள். வேர் நுனியில் கறுப்பாக இருந்த இடம் வெளுத்து நிரம்பியிருந்தது. “எலும்பு வந்துடுச்சும்மா. ரெண்டும் நிக்கும்” என்றார் டாக்டரம்மா.

செட்டிகுளத்தில் கரும்பு ஏந்தி நிற்கிற முருகனுக்குக் கரும்பு வாங்கிக்கொண்டு மலையேறினேன். அதை நான் கடிக்கக் கூடாதாம், டாக்டரம்மா உத்தரவு. நாத்தனார் கடித்துத் தின்றாள், நான் வாயை மூடாமல் சிரித்தேன்.

இப்போது திருநீறு நெற்றிக்கு, மருந்து புண்ணுக்கு. சொந்தங்களே, மருந்தை விடாதீர்கள். மனசு நொந்தால் அவனையே திட்டுங்கள். அவன் கோபித்துக்கொண்டு போய்விட மாட்டான்.