ஏணி தூக்குன கை

எங்க காலேஜ் பாஸ்கெட்பால் டீம்லயே உசரமானவன் ஏணி. இப்ப ஒரு குடோன்ல மேல் தட்டுல பெட்டி அடுக்குறான். எட்டு மணி நேரமும் நின்னே ஆகணும். வலது முட்டி துருப்புடிச்ச கதவு மாதிரி கத்துது. உக்காந்து பாக்குற வேலை குடுங்கன்னு டாக்டர் எழுதிக் குடுத்த லெட்டர மூணு தடவ சூப்பர்வைசர்கிட்ட நீட்டுனான். அந்தாளு லெட்டரப் படிக்கல, பழைய கதையத்தான் படிச்சான். எங்களுக்கு சீனியர், அந்த டீமுக்கு வெறி புடிச்ச ரசிகன்.

நாலாவது தடவ நானும் கூடப் போனேன். நான் தொழிற்சங்கத்த விட்டு வருஷமாச்சு, வாய் இன்னும் விடல.

டீ நேரம். மேசையச் சுத்தி அந்தக் காலத்துல மேட்ச் பாத்த கேலரி கும்பல், இப்ப எல்லாரும் இதே குடோன்லதான் வேலை.

"வாடா ஏணி, உன் பேச்சுதான் ஓடுது!" சூப்பர்வைசர் ஆரம்பிச்சான். "ஃபைனல், கடைசி அஞ்சு நிமிஷம். முட்டி பூசணிக்கா மாதிரி வீங்கிருக்கு. நம்ம ஏணி கையத் தூக்குறான். கேப்டன் ஒரு பார்வை, பந்து நேரா கைக்கு வருது! வாயத் தொறந்து ஒரு வார்த்தை இல்ல. அதாண்டா ஒத்துமை!"

"இப்ப உள்ளவனுங்க பந்து கெடச்சா புதுப் பொண்டாட்டி மாதிரில்ல கட்டிக்கிறானுங்க," இன்னொருத்தன் ஒத்து ஊதுனான்.

"அண்ணே, இந்த லெட்டர்..." ஏணி நீட்டுனான்.

"அந்த முட்டியோடயே கப்பு வாங்குனவன் நீ. இங்க சும்மா நிக்கிறதுக்கா வலிக்குது? போடா."

"யோவ், மனுசனாய்யா நீ"ன்னு பாஞ்சேன். ஏணி என் தோளப் புடிச்சு நிறுத்துனான். இருபத்திரெண்டு வருஷம் முழுங்கி வச்சிருந்தத அப்பத்தான் சொன்னான்.

"அண்ணே, அது பந்துக்குத் தூக்குன கை இல்ல. என்னால முடியல, வெளிய எடுங்கன்னு தூக்குனேன். கேப்டனுக்கும் தெரியும், கோச்சுக்கும் தெரியும். பந்தக் குடுத்து வாய அடச்சானுங்க. நீங்க எல்லாம் கை தட்டுனீங்க. அதுக்கப்புறம் எப்படி வெளிய வர்றது?"

நானும் அன்னைக்குத் தொண்டை கிழியக் கத்துனவன்தான். த்தூ!

சூப்பர்வைசர், வீட்டுல திருடு போனவன் மாதிரி முழிச்சான். "இத இப்ப வந்து சொல்லணுமாடா?"

முட்டி எப்படி இருக்குன்னு கேக்கல. கதை போச்சேன்னு கவலை!

"கையெழுத்துப் போடுய்யா," நான் கத்துனேன். அந்தாளு ஏணி மூஞ்சியப் பாக்காமலே போட்டான்.

இப்ப ஏணி வாசல் மேசைல உக்காந்து பெட்டி லேபிள் சரி பாக்குறான். உள்ள டீ நேரத்துல அதே ஃபைனல் கதை ஓடுது, அவன் பேரு மட்டும் வர்றதில்ல. போன வாரம் அவனப் பாக்கப் போயிருந்தேன். கும்பல்ல ஒருத்தன், "டீமக் காட்டிக் குடுத்தவன்"னு முணுமுணுத்துட்டுப் போனான். சட்டையப் புடிக்க எந்திரிச்சேன்.

"விடு மச்சான்," ஏணி லேபிள்ல இருந்து கண்ண எடுக்கல. "அவன் நின்னுக்கிட்டே பேசட்டும்."