கட்டைப்பை ஆண்ட சீட்டு

இன்னைக்கு சிறுமலை பஸ். இருக்குறதே கொஞ்ச வண்டிதான், கூட்டத்தைக் கேக்கவா வேணும். திண்டுக்கல் ஸ்டாண்டுல வண்டி திரும்பும்போதே ஜன்னல் வழியா என் கட்டைப்பையைப் போட்டு சீட் பிடிச்சுட்டேன்.

இடிச்சு முட்டி ஏறுனா, அந்த சீட்டுல ஒரு காலேஜ் பொண்ணு. என் பை அவ மடியில. ஜன்னலோரத்துல இருந்த தோழிகிட்ட சத்தமா வாக்குவாதம்.

"இதிகாசத்துல ஹீரோ பொறக்கும்போதே சிம்மாசனம் ரெடிடி. அதுல என்ன த்ரில்லு? ஃபேன்டஸி நாவலப் பாரு, யாருமில்லாத பய கெளம்பிப் போயி அம்புட்டையும் ஜெயிக்கிறான்!"

"ஏம்மா, இது நான் பை போட்ட சீட்டு"ன்னேன்.

அவ அசரவே இல்ல. "பாத்தியாடி! அக்கா இதிகாசம். வாரதுக்கு முன்னாடியே சீட் ரெடி. நாமதான் ஃபேன்டஸி, மிதிபட்டு ஏறி ஜெயிச்சிருக்கோம்."

கோவம் வந்துச்சு. ஆனா ஆன்ட்டின்னு சொல்லாம அக்கான்னுட்டாளே.

ஜன்னலோரத்துக்காரி என்னையப் பாத்துக்கிட்டே சொன்னா: "இதிகாச ஹீரோன்னா சிம்மாசனத்தை விட்டுக்குடுத்துட்டு, சிரிச்ச மொகமா காட்டுக்குப் போகணும்ல?"

அதுக்கு மேல எப்படி எந்திரிக்கச் சொல்றது? சிரிச்ச மொகமா கம்பியைப் பிடிச்சேன்.

"பையையாவது குடும்மா."

"நிக்கிறவங்களுக்கு எதுக்குக்கா பாரம்? நாங்க வச்சுக்கிறோம்."

அந்தக் காலத்துல நாயகன் காட்டுல இருக்க, அவன் செருப்பு சிம்மாசனத்துல ஆண்டுச்சு. இன்னைக்கு மலை ஏறி முடியுற வரைக்கும் என் கட்டைப்பை ஆண்டுச்சு.

நியாயத்தை நீங்களே சொல்லுங்க: சாயங்காலம் எறங்குற பஸ்ல மறுபடி பை போடவா, இல்ல நானும் ஃபேன்டஸிக்கு மாறிரவா?