நாய்க்கு நல்லெண்ணெய் வைத்த சனிக்கிழமை

நேற்று எங்கள் வீட்டு நாய்க்கு நல்லெண்ணெய் வைத்தேன்.

(ஓம், நாய்க்குத்தான். சிரித்து முடித்துவிட்டு வாருங்கள்.)

ஜிம்மி கறுத்த, கட்டை முடி நாய். கட்டை முடி என்றால் கொட்டாது என்று மனைவியிடம் அடித்துச் சொல்லித்தான் கர்க்லாண்டில் இருக்கிற எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

வெளியே பனி உருகத் தொடங்கியதும் உள்ளே முடி கொட்டத் தொடங்கியது.

நீள முடியாவது பந்தாக உருண்டு ஒரு மூலையில் கிடக்கும். இது சோபாவில் ஊசி மாதிரிக் குத்தி நிற்கிறது.

மனைவி சத்தம் போடவில்லை. அதுதான் பயம்.

"இஞ்சேருங்கோ, சோபாவில கிடந்தாப் பரவாயில்லை. சாப்பாட்டுக்குள்ள ஒரு மயிர் கண்டனெண்டா ஜிம்மி உங்கட தம்பி வீட்டை போகட்டும்."

வேலை முடிந்து வந்தால் வாசலுக்கு ஓடி வருகிற ஒரே ஆள் அவன்தான். அவனை அனுப்பிவிட்டு என்னால் இருக்க முடியாது.

முடி கொட்டினால் நம்மவர்கள் என்ன செய்வோம்? எண்ணெய் வைப்போம். தலையிலிருந்து வால்வரை சூடு பறக்கத் தேய்த்தேன். ஜிம்மி கண்ணை மூடிக்கொண்டு சுகமாக நின்றான்.

கொஞ்சம் ஊறட்டும் என்று விட்டுவிட்டுத் தண்ணீர் திறக்கப் போனேன். அவன் சோபாவில் போய் ஊறினான்.

மகள் வந்து பார்த்தாள்.

"மே பாப்பா," என்றாள், பிரெஞ்சில் 'என்னப்பா இது' என்கிற மாதிரி. "இது நாய். தோசைக்கல் இல்லை."

சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, நாய்ச் சாமான் விற்கும் கடைக்கு ஓடினேன். அங்கிருந்த பெண் ஒரு ரப்பர் பிரஷ்ஷை நீட்டி, பிரெஞ்சில் பொறுமையாக விளக்கினார். உடம்பு காய்ந்திருக்கும்போதே மெல்ல வட்டமாகத் தேய்க்க வேண்டும், பிறகு ஈரத்துணியால் துடைக்க வேண்டும். எண்ணெயைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

பல்கனியில் வைத்துத் தேய்த்தேன். வந்த முடியில் இன்னொரு நாய் செய்யலாம். ஜிம்மி பளபளவென்று நின்றான். (சோபாவும்தான்.)

இன்று காலை, புட்டுக்குள் ஒரு முடி.

மனைவி அதை இரண்டு விரலால் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கட்டை முடிதான். மேசைக்குக் கீழே ஜிம்மி ஒன்றும் தெரியாமல் வாலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

மகள் கிட்ட வந்து உற்றுப் பார்த்தாள்.

"அம்மா, ஜிம்மி கறுப்பு. இது வெள்ளை."

இருவரும் என் தலையைப் பார்த்தார்கள்.

மனைவி முடியைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு அமைதியாகச் சொன்னாள்.

"தம்பிக்கு ஃபோன் எடுத்துச் சொல்லுங்கோ. நாய் வரேல்லை, நீங்கள்தான் வாறியள் எண்டு."